462 விசாவில் தனியாக ஓராண்டு: முதலில் பண்ணை வேலையா, நடைப்பயணமா?

நெடுநடை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். இந்தியர்களுக்கு ஆஸ்திரேலியா 2024 முதல் வழங்கிவரும் ‘வொர்க் அண்ட் ஹாலிடே’ விசாவுக்கான குலுக்கலில் என் பெயர் வந்து, விண்ணப்பித்து, இப்போது 462 விசாவும் கைக்கு வந்துவிட்டது. ஆண்டுக்கு ஆயிரம் பேருக்குத்தான் இடம் என்பதால் கிடைக்காது என்றே நினைத்திருந்தேன். அதனால் கையில் விசா இருக்கிறதே தவிர, திட்டம் எதுவும் இல்லை. விசா வழங்கப்பட்ட நாளிலிருந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் நாட்டுக்குள் நுழைய வேண்டும், நுழைந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதங்கள் தங்கலாம், இடையில் வெளிநாடு போய்வந்தாலும் அந்தக் கணக்கு நிற்காது என்பது வரை தெரிந்துகொண்டேன்.

எனக்கு வயது 27. துணைக்கு யாரும் வரவில்லை. முதுகுப்பையுடன் தனியாகத்தான் கிளம்புகிறேன். நான் போவதே நடப்பதற்காகத்தான். நாட்டின் நடுவிலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து மேற்கே செல்லும் லாராபிண்டா பாதையையும், தெற்குத் தீவான தாஸ்மேனியாவின் ஓவர்லேண்ட் பாதையையும் முழுமையாக நடக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் இரண்டாம் ஆண்டுக்கான விசாவும் வேண்டுமென்றால் முதல் ஆண்டிலேயே குறிப்பிட்ட பகுதிகளில், குறிப்பிட்ட வகை வேலையை 88 நாட்கள் செய்திருக்க வேண்டும் என்கிறார்கள். அந்த 88 நாட்களை முதலிலேயே முடித்துவிட்டு நிம்மதியாக நடக்கலாமா, அல்லது உடலில் தெம்பும் கையில் சேமிப்பும் இருக்கும்போதே நடந்துவிட்டுப் பிறகு வேலை தேடலாமா என்பதுதான் எனக்குள்ள முதல் குழப்பம்.

இரண்டாவது கேள்வி: குயின்ஸ்லாந்தில் உள்ள ஒரு தொழிலாளர் விடுதி, நான்கு வாரக் கட்டணத்தை இப்போதே அனுப்பினால் படுக்கையோடு பண்ணை வேலையும் உறுதி என்று மின்னஞ்சலில் எழுதியிருக்கிறது. போய் இறங்கியதும் வேலை இருக்கும் என்பது தனியாகச் செல்பவளுக்கு ஆறுதலாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் பணத்தை அனுப்பக் கை வரவில்லை. விசா விதிகள் கேட்கும் ஏறத்தாழ 5,000 ஆஸ்திரேலிய டாலரும் திரும்பும் பயணத்துக்கான பணமும் என்னிடம் உண்டு. அதற்கு மேல் அதிகம் இல்லை. அங்கே இருந்து வந்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

செம்மண்சாலை (பதில்):

வாழ்த்துகள். வேலை முதலிலா, நடை முதலிலா என்பதை உங்கள் விருப்பத்தை வைத்து முடிவு செய்வதற்கு முன்னால் பருவகாலங்களைப் பாருங்கள். பாதிக் கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். ஆஸ்திரேலியாவை ஒரே தட்பவெப்பம் கொண்ட நாடாக நினைத்துத் திட்டம் போடுபவர்கள்தான் பிப்ரவரியில் டார்வினிலும் ஜூலையில் தாஸ்மேனியாவிலும் போய் மாட்டிக்கொள்கிறார்கள். வடக்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். கக்காடு தேசியப் பூங்காவின் பல சாலைகள் அப்போது வெள்ளத்தால் மூடப்பட்டுவிடும், சுற்றுலா விடுதிகளும் ஆட்களைக் குறைத்துவிடும். மே முதல் அக்டோபர் வரையான வறண்ட காலத்தில்தான் வடக்கில் வேலையும் உண்டு, ஊர் சுற்றவும் முடியும். தெற்கே இதற்கு நேர்மாறு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் அங்கே கோடை.

நீங்கள் சொன்ன இரண்டு பாதைகளும் இந்தக் கணக்கில் அழகாக எதிரெதிர் முனைகளில் விழுகின்றன. லாராபிண்டா 220 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள பாலைநிலப் பாதை. அதை மே முதல் ஆகஸ்ட் வரையான குளிர்காலத்தில் நடப்பதே உசிதம். அப்போதும் இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும் என்பதால் நல்ல தூக்கப்பை இல்லாமல் போகக் கூடாது. ஓவர்லேண்ட் பாதை கிரேடில் மலையிலிருந்து செயின்ட் கிளேர் ஏரி வரை 65 கிலோமீட்டர். பெரும்பாலோர் ஆறு நாட்களில் முடிக்கிறார்கள். அக்டோபர் 1 முதல் மே 31 வரையான பருவத்தில் முன்பதிவும் கட்டணமும் கட்டாயம், வடக்கிலிருந்து தெற்காக மட்டுமே நடக்க அனுமதி. ஆகவே ஏப்ரல் கடைசியில் நாட்டுக்குள் நுழைந்து, வடக்கில் தொடங்கி, கோடைக்குத் தெற்கே இறங்குவது என்று வைத்துக்கொண்டால் எந்த இடத்திலும் பருவத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.

அறுவடையும் இதே திசையில்தான் நகர்கிறது. குயின்ஸ்லாந்தின் போவன் பகுதியில் தக்காளி, குடைமிளகாய் வேலை ஏறத்தாழ மே முதல் நவம்பர் வரை. டார்வின், கேத்தரின் பகுதிகளில் மாங்காய் செப்டம்பர் இறுதியில் தொடங்கும். தாஸ்மேனியாவில் செர்ரி டிசம்பர், ஜனவரியிலும், ஆப்பிள் அதற்குப் பின்னாலும் வரும். டுல்லி, இன்னிஸ்ஃபெயில் பக்கம் வாழைக்கு மட்டும் ஆண்டு முழுவதும் ஆள் தேவை. தார் சுமப்பது உடல் வலிமையைச் சோதிக்கும் வேலை என்பதால் பெரும்பாலும் பெண்களைப் பேக்கிங் ஷெட்டுக்கே அனுப்புகிறார்கள். அரசின் ஹார்வெஸ்ட் டிரெயில் தளத்தில் எந்த ஊரில் எந்த மாதம் எந்தப் பயிருக்கு ஆள் தேவை என்ற விவரம் இருக்கிறது. வேலை விளம்பரங்களைப் பார்ப்பதற்கு முன் அதைப் பார்ப்பது நல்லது.

மாங்காய் பறிப்பது நமக்குத் தெரிந்த வேலைதானே என்று எண்ணிப் போகிறவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். கேத்தரினில் நான் வேலை பார்த்த தோப்பில், இரு பக்கமும் சாய்வான தார்ப்பாய் விரித்த ஒரு வண்டி மரவரிசைக்கு நடுவே ஊர்ந்து செல்லும்; நாங்கள் அதன் கூடவே நடந்து, காம்பைக் கிள்ளிக் காயை அந்தத் தார்ப்பாயில் போட வேண்டும். காம்பு முறிந்த கணத்தில் பால் பீய்ச்சியடிக்கும். காயின் தோல் கருகாமல் இருக்க வண்டியில் சோப்புக் கரைசல் தெளித்துக்கொண்டே இருக்கும், ஆனால் பறிப்பவரின் தோலுக்கு அந்த வசதி கிடையாது. அக்டோபர் மாதத்தின் நாற்பது டிகிரி புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை, கையுறை, கழுத்துத் துணி, கண்ணாடி என்று மூடிக்கொண்டுதான் நிற்க வேண்டும். மணிக்கட்டில் கையுறைக்கும் சட்டைக்கும் இடையே விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டவர்களுக்கு, அந்த இடத்தில் மட்டும் வளையல் போட்டதுபோலக் கொப்புளம் எழும். சிலருக்கு முகமே வீங்கி வேலையை விட்டுவிட நேர்ந்தது. ஊதியம் மோசமில்லை, ஆனால் அந்தப் பருவம் சில வாரங்களில் முடிந்துவிடும், 88 நாட்களை அதை மட்டும் நம்பி எண்ண முடியாது.

எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். அந்தத் தொழிலில் வழக்கமான முழுநேர வாரம் வேலை செய்தால் விடுமுறை நாட்களும் சேர்ந்து ஏழு நாட்களாகக் கணக்கிடப்படும்; தினக்கூலியாக அவ்வப்போது கூப்பிட்டால் போன நாட்கள் மட்டுமே கணக்கு. மழை பெய்து வேலை நின்ற நாளும், காய் பழுக்கவில்லை என்று விடுதியிலேயே உட்கார்ந்திருந்த நாளும் சேராது. அதனால்தான் 88 நாட்களை முடிக்கப் பலருக்கு நான்கைந்து மாதங்கள் பிடிக்கிறது. ஆண்டின் கடைசி மூன்று மாதங்களை இதற்கென்று ஒதுக்கி வைப்பவர்கள் பெரும்பாலும் நாள் போதாமல் தவிக்கிறார்கள். என் கருத்து: வேலையை முன்பாதியில் வையுங்கள், ஆனால் ஒரே மூச்சில் முடிக்க நினைக்காதீர்கள். 88 நாட்கள் தொடர்ச்சியாகவோ ஒரே முதலாளியிடமோ இருக்க வேண்டும் என்ற விதி இல்லை.

சம்பளச்சீட்டு (பதில்):

பருவத்தைப் பற்றி மேலே சொன்னதற்கு மேல் சேர்க்க எதுவும் இல்லை. நான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்: அந்த விடுதிக்குப் பணம் அனுப்ப வேண்டாம். தொழிலாளர் விடுதிகள் எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. பண்டபெர்க் போன்ற ஊர்களில் வாகனம் இல்லாதவருக்குத் தோட்டம் வரை போய்வர அவர்கள்தான் ஒரே வழி. ஆனால் நான்கு வார வாடகையை முன்பணமாக வாங்கியவருக்கு உங்களுக்கு வேலை தேடித் தரும் அவசரம் இருக்காது. வாரத்துக்கு இரண்டு நாள் வேலை, ஏழு நாள் வாடகை என்று போனால், உழைத்து உழைத்து அவருக்கே கட்டிக்கொண்டிருப்பீர்கள். நேரில் போய், முதல் வாரத்துக்கு மட்டும் பணம் கொடுத்து, ஏற்கெனவே அங்கே தங்கியிருப்பவர்களிடம் சென்ற வாரம் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். குயின்ஸ்லாந்தில் ஆட்களை அனுப்பும் ஒப்பந்தக்காரர்கள் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் பொதுவில் இருக்கிறது, பெயரைத் தேடினாலே தெரிந்துவிடும்.

இனி ஊதியம். 2025 ஜூலை முதல் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலர், நிரந்தரமற்ற ஊழியருக்கு 25 சதவீதம் சேர்த்து 31.19 டாலர். பண்ணைகளில் முன்பெல்லாம் பெட்டிக்கு இவ்வளவு என்று மட்டும் பேசி, புதிதாக வந்தவர்களை மணிக்குச் சில டாலர்களுக்கு வேலை வாங்கியது உண்டு. 2022 ஏப்ரல் 28 முதல் அந்த நிலை சட்டப்படி மாறிவிட்டது: பெட்டிக் கணக்கில் வேலை செய்தாலும், நீங்கள் எத்தனை பெட்டி நிரப்பினாலும் நிரப்பாவிட்டாலும், மணிக்கணக்கிலான குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே தரக் கூடாது, வேலை செய்த மணிநேரத்தையும் முதலாளி பதிவு செய்தாக வேண்டும். இது தெரியாத புதியவர்கள்தான் இன்னமும் ஏமாற்றப்படுகிறார்கள். சொந்தமாக ஏ.பி.என். எனப்படும் வணிகப் பதிவு எண் எடுத்துக்கொண்டு வாருங்கள், ஒப்பந்தக்காரராகச் சேர்த்துக்கொள்கிறோம் என்று யாராவது சொன்னால், குறைந்தபட்ச ஊதியம், ஓய்வூதிய நிதி, விபத்துக் காப்பீடு எல்லாவற்றிலிருந்தும் தப்பிக்க வழி தேடுகிறார் என்று பொருள். அங்கேயே நின்று பேசாமல் வந்துவிடுங்கள்.

வரியைப் பொறுத்தவரை, இந்த விசாவில் இருப்பவர்களுக்கு வரியில்லா வரம்பு பொதுவாகக் கிடையாது; முதல் டாலரிலிருந்து 45,000 டாலர் வரை 15 சதவீதம். ஆனால் முதலாளி இத்தகைய விசாக்காரர்களை வேலைக்கு வைப்பவராக வரித்துறையில் பதிவு செய்திருந்தால்தான் அந்த விகிதத்தில் பிடிப்பார். பதிவு செய்யாதவர் 30 சதவீதம் பிடிப்பார். கூடுதலாகப் பிடித்ததை ஜூன் 30-க்குப் பிறகு கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம் என்றாலும், கையில் காசு தேவைப்படும் மாதத்தில் அது பெரிய இடி. அதே போல, முதலாளி உங்கள் ஊதியத்துக்கு மேல் 12 சதவீதத்தை சூப்பர் எனப்படும் ஓய்வூதிய நிதியில் செலுத்த வேண்டும். நாட்டை விட்டு நிரந்தரமாகக் கிளம்பிய பிறகு அதைக் கேட்டுப் பெறலாம், ஆனால் 65 சதவீதம் வரியாகப் போய்விடும். 20,000 டாலர் சம்பாதித்தால் நிதியில் 2,400 சேரும், கையில் வருவது 840 தான். இதைத் திரும்பும் செலவுக்கு என்று மனக்கணக்குப் போட்டு வைக்காதீர்கள்.

வரிக்கோப்பு எண்ணை நாட்டுக்குள் இறங்கிய பிறகே இணையத்தில் விண்ணப்பிக்க முடியும். எண் தபாலில் வரும். வந்து சேர நான்கு வாரங்கள் வரை ஆகலாம் என்பதால், ஊர் ஊராக நகர்பவர்களுக்கு முகவரிதான் சிக்கல். முதல் சில வாரங்கள் ஒரே ஊரில் தங்குவதாக இருந்தால் ஒழிய விடுதியின் முகவரியைக் கொடுக்க வேண்டாம், நம்பகமான நண்பர் வீட்டு முகவரியைக் கொடுங்கள். வங்கிக் கணக்கும் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். ஊதியம் கணக்கில் விழுவதும், ஒவ்வொரு முறையும் சம்பளச் சீட்டு வாங்கி வைப்பதும்தான் பின்னால் இரண்டாம் ஆண்டு விசாவுக்குச் சான்று. ரொக்கமாகத் தருகிறேன், வரி பிடிக்க மாட்டேன் என்று சொல்பவரிடம் உழைத்த நாட்களை எந்தத் தாளை வைத்து நிரூபிப்பீர்கள்?

ஊதியத்தில் குறை வைத்தால், ஊழியர் புகார்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன் அலுவலகத்தை 13 13 94 என்ற எண்ணில் அழைக்கலாம். ஆங்கிலத்தில் விளக்கத் தயக்கமாக இருந்தால் முதலில் அரசின் மொழிபெயர்ப்புச் சேவையை 131 450-இல் அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், அவர்களே இணைத்துவிடுவார்கள்.

தென்முனை (பதில்):

இருவரும் பண்ணையைச் சுற்றியே பேசுவதால் நான் வேறு பக்கமிருந்து பேசுகிறேன். 462 விசாவில் இரண்டாம் ஆண்டுக்குக் கணக்கில் சேரும் வேலைகளில், வடக்குப் பகுதியிலும் தொலைதூரப் பகுதிகளிலும் செய்யும் சுற்றுலா, விருந்தோம்பல் வேலைகளும் உண்டு. வடக்குப் பிரதேசம் (நார்தர்ன் டெரிட்டரி) முழுவதும் இதில் அடங்கும். அதாவது டார்வினில் ஓர் உணவகத்தில் பரிமாறினாலும், ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் நின்றாலும், சமையலறையில் உதவியாளராக இருந்தாலும் அந்த நாட்கள் எண்ணிக்கையில் சேரும். சிட்னியிலோ மெல்போர்னிலோ இதே வேலையைச் செய்தால் சேராது. ஒவ்வொரு வேலை வாய்ப்பு வரும்போதும் அந்த ஊரின் அஞ்சல் குறியீட்டை உள்துறை அமைச்சின் பட்டியலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் விவசாயத்துக்குத் தகுதியுள்ள குறியீடு விருந்தோம்பலுக்குத் தகுதியற்றதாக இருக்கலாம்.

உங்கள் நிலைமைக்கு ஆலிஸ் ஸ்பிரிங்ஸை நான் முதலில் சொல்வேன். லாராபிண்டா பாதை தொடங்குவது அந்த ஊரின் எல்லையிலுள்ள பழைய தந்தி நிலையத்தில். மே மாதத்தில் அங்கே வேலையில் சேர்ந்தால், முதல் சில பிரிவுகளை வார விடுமுறைகளில் ஒவ்வொன்றாக நடந்து பார்த்து, உடலும் சாமான்களும் எப்படித் தாங்குகின்றன என்று தெரிந்துகொண்டு, ஆகஸ்டில் விடுப்புப் பெற்றோ வேலையை முடித்துக்கொண்டோ முழுப் பாதையையும் நடக்கலாம். மொத்தம் பன்னிரண்டு பிரிவுகள். கடைசியில் சோண்டர் மலை உச்சி, அங்கே பெரும்பாலோர் விடியலுக்கு முன் டார்ச் வெளிச்சத்தில் ஏறுகிறார்கள். வழியில் தண்ணீர்த் தொட்டிகள் உண்டு, உணவை முன்கூட்டியே சில இடங்களில் பெட்டிகளில் வைத்துவிட்டு வரலாம், ஆகவே இரண்டு வார உணவை முதுகில் சுமக்க வேண்டியதில்லை. போவனிலோ பண்டபெர்க்கிலோ இருந்தால் இதையெல்லாம் செய்ய முடியாது. அங்கிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வருவதே இன்னொரு பயணம்.

மதுபானம் பரிமாறும் இடத்தில் வேலை செய்ய, மதுவைப் பொறுப்போடு பரிமாறுவதற்கான ஆர்.எஸ்.ஏ. சான்றிதழ் வேண்டும், மாநிலத்துக்கு மாநிலம் ஏற்பு வேறுபடும் என்பதால், எந்த ஊருக்குப் போவது என்று முடிவான பிறகு எடுங்கள். பொதுவாக ஒரே முதலாளியிடம் ஆறு மாதங்களுக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனையும் இருக்கிறது. உங்களுக்கு அது தடையாக வராது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், செம்மண்சாலை அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இரண்டாம் ஆண்டு உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமா என்று முதலில் யோசியுங்கள். பண்ணை விடுதிகளில் நான் பார்த்தவர்களில் பாதிப் பேர், ஓராண்டை முழுவதும் இன்னோர் ஆண்டை வாங்குவதற்கே செலவழித்துவிட்டு, கையில் அனுமதி கிடைத்தபோது அலுத்துப்போய் ஊர் திரும்பினார்கள். நடக்கத்தான் வந்தேன் என்று தெளிவாகத் தெரிந்த ஒருவர் 88 என்ற எண்ணைத் தலையில் ஏற்றிக்கொள்ளாமல், செலவுக்குத் தேவையான அளவு மட்டும் வேலை செய்துவிட்டு மீதி நாட்களில் நடந்தால் என்ன குறைந்துவிடும்?

செம்மண்சாலை (பதில்):

கோபம் ஏதும் இல்லை; ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் யோசனை என்னுடையதைவிட இவருக்குப் பொருத்தமானது என்றே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைசிப் பத்தியோடு உடன்பட முடியவில்லை. இந்தியர்களுக்கு இந்த விசா குலுக்கலில் கிடைப்பது. இரண்டாம் ஆண்டுக்குக் குலுக்கல் கிடையாது, தகுதி இருந்தால் போதும். 31 வயது நிறைவதற்கு முன் விண்ணப்பித்தால் சரி என்பதால், 27 வயதுக்காரர் ஊர் திரும்பி ஓரிரு ஆண்டுகள் கழித்துக்கூட அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். எப்படியும் பிழைப்புக்கு வேலை செய்யத்தான் போகிறார், அதைக் கணக்கில் சேரும் ஊரில் செய்தால் கதவு திறந்திருக்கும். அவ்வளவுதான் நான் சொல்வது.

தனித்தடம் (பதில்):

தனியாகச் சென்ற பெண் என்ற முறையில், மேலே யாரும் தொடாத சிலவற்றை எழுதுகிறேன். ஊர் சுற்றும்போது எனக்குப் பெரிதாக அச்சம் ஏற்பட்டதில்லை. பேக்பேக்கர் விடுதிகளில் பெண்களுக்கான தனி அறைகள் கிடைக்கும், இரண்டாம் நாளே பேச ஆள் கிடைத்துவிடும். எச்சரிக்கை தேவைப்படுவது வேலை தேடும்போதுதான். ஊரிலிருந்து வெகுதூரம் உள்ள பண்ணை வீட்டில் தங்கி வீட்டுவேலை செய்ய ஒரு பெண் மட்டும் தேவை, உணவும் தங்குமிடமும் இலவசம், ஊதியம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று வரும் விளம்பரங்களை நான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மற்ற இடங்களுக்கும், பண்ணையின் ஏ.பி.என். எண்ணைக் கேட்டு அரசுத் தளத்தில் தேடிப் பார்த்து, அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் பெண் ஒருவரோடு தொலைபேசியில் பேசிய பிறகே கிளம்புவேன். கேட்டால் கோபப்படுகிறவரிடம் வேலைக்குப் போகாமல் இருப்பதே நல்லது. போனதும் முகவரியையும் அருகிலுள்ள ஊரின் பெயரையும் வீட்டாருக்கு அனுப்பிவிடுங்கள். பாஸ்போர்ட்டை எந்த முதலாளியும் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது, நகல் போதும்.

விடுதியில் நான் முதலில் பார்ப்பது படுக்கையை அல்ல, கூரையில் உள்ள புகை எச்சரிக்கைக் கருவியையும் வெளியேறும் வழியையும்தான். 2000 ஜூன் 23 அன்று குயின்ஸ்லாந்தின் சில்டர்ஸ் ஊரில் பழம் பறிக்க வந்தவர்கள் தங்கியிருந்த பேக்பேக்கர் விடுதியில் வைக்கப்பட்ட தீயில் பதினைந்து பேர் இறந்தார்கள். எச்சரிக்கைக் கருவிகள் வேலை செய்யாததும், வெளியேறும் வழி தடைபட்டிருந்ததும் பின்னர் வெளிவந்தன. சட்டங்கள் அதன் பிறகு கடுமையாகியிருந்தாலும், அறுவடைக் காலத்தில் ஓர் அறைக்குள் அளவுக்கு மேல் கட்டில்களைத் திணிக்கும் வழக்கம் இன்னும் ஒழிந்துவிடவில்லை. சன்னல் திறக்காத அறை என்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள், மாற்றாவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

மருத்துவக் காப்பீட்டை ஒத்திப்போட வேண்டாம். பிரிட்டன், அயர்லாந்து போன்ற நாடுகளிலிருந்து வருபவர்களுக்கு அரசு மருத்துவத்தில் பரஸ்பர ஒப்பந்தம் உண்டு, இந்தியாவுக்குக் கிடையாது. விடுதியில் பக்கத்துக் கட்டில் பெண் காப்பீடே இல்லாமல் சுற்றுகிறாளே என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள், அவளுடைய பாஸ்போர்ட் வேறு. காப்பீட்டு ஆவணத்தில் உடலுழைப்பு வேலையும், பல நாள் நடைப்பயணத்தில் மீட்பதற்கான செலவும் அடங்குமா என்று படித்துப் பாருங்கள். சாதாரணச் சுற்றுலாக் காப்பீடுகள் பலவற்றில் இவை இரண்டும் இருக்காது.

கடைசியாக நடை. இரண்டு பாதைகளிலும் பெரும்பகுதியில் கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைக்காது. தனியாக நடப்பவருக்கு, செயற்கைக்கோள் வழியே அபாயச் செய்தி அனுப்பும் பி.எல்.பி. கருவி அவசியம் என்பேன். அதை ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொண்டு, பயண விவரத்தையும் அங்கேயே சேர்க்கலாம். பொத்தானை அழுத்தினால் மீட்புக்குழு யாரைத் தேடுகிறோம் என்று தெரிந்தே கிளம்பும். லாராபிண்டாவில் வழி தவறுவதைவிட, கூரான கற்களில் கணுக்கால் பிசகுவதுதான் அதிகம். காலணி புதிதாக இருக்கக் கூடாது. பழைய காலணியாக இருந்தால் விமான நிலையத்தில் உயிரியல் பாதுகாப்புச் சோதனை இருக்கிறது. அடிப்பகுதியில் மண் துளியும் இல்லாமல் கழுவி, நுழைவு அட்டையில் மறைக்காமல் குறிப்பிடுங்கள். கூடாரத்துக்கும் அதே விதிதான்.

நெடுநடை (கேட்டவர்):

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. விடுதிக்குப் பணம் அனுப்பவில்லை என்று எழுதிவிட்டேன். உடனே இரண்டு வாரக் கட்டணம் போதும் என்று பதில் வந்தது, அதுவே எனக்கு விடையாகிவிட்டது. ஏப்ரல் கடைசியில் டார்வினில் இறங்கி, வரிக்கோப்பு எண், வங்கிக் கணக்கு வேலைகளை முடித்துக்கொண்டு, பேருந்தில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போய் விருந்தோம்பல் வேலை தேடலாம் என்று நினைக்கிறேன். ஆகஸ்டில் லாராபிண்டா. அதன் பிறகு நாட்கள் குறைந்தால் கேத்தரின் மாங்காய், அல்லது தாஸ்மேனியாவில் செர்ரி. பிப்ரவரியில் ஓவர்லேண்ட். இதில் ஓட்டை ஏதும் தெரிகிறதா?

தென்முனை (பதில்):

பெரிய ஓட்டை இல்லை. டார்வினிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். பேருந்தில் ஒரு பகலும் இரவும் ஆகும் என்பதால் கேத்தரினில் இறங்கி இரண்டு நாள் தங்கிப் போங்கள், அங்குள்ள நிட்மிலுக் பள்ளத்தாக்கைப் பார்க்காமல் கடப்பது நியாயமில்லை. மே மாதத் தொடக்கத்தில் போய்ச் சேர்வதற்கு முன்பே, மார்ச் மாதத்திலிருந்தே அங்குள்ள விடுதிகளுக்கு விண்ணப்பம் அனுப்பத் தொடங்குங்கள். பருவத்துக்கான ஆட்களை அவர்கள் அப்போதுதான் பேசி முடிக்கிறார்கள். ஓவர்லேண்ட் பாதையில் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு, கோடை இடங்கள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வேலையில் இருக்கும்போதே பிப்ரவரி மாதத் தேதி ஒன்றைப் பதிவு செய்துவிடுங்கள். வார இறுதியாக இல்லாமல் வார நடுவில் கிளம்பும் தேதியாகப் பார்த்தால் எளிதில் கிடைக்கும்.